இ.ஏ. வாங்கியதால்தான் பயோவேர் கெட்டதா?

வாசகர் கேள்வி, 30 செப்டம்பர் 2025

இ.ஏ. (எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) என்ற வீடியோ கேம் வெளியீட்டு நிறுவனத்தையே 5,500 கோடி டாலருக்கு வாங்கப் போகிறார்கள் என்று நேற்று செய்தி வந்துவிட்டது. சவூதி அரசு நிதியம், சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் என்று மூன்று பேர் சேர்ந்து வாங்குகிறார்களாம். அதன் கையில் இருக்கிற கேம் ஸ்டூடியோவான பயோவேர் இனித் தேறும் என்று நினைக்கிறீர்களா? என்னைக் கேட்டால் 2007-இல் இ.ஏ. கை வைத்த அன்றே அந்த ஸ்டூடியோவின் கதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகும் பெயரை நம்பி முன்பதிவு செய்கிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

30 செப்டம்பர், இரவு

நான் மறுக்கிறேன்.

2007-இலேயே முடிந்துவிட்டது என்றால் 2009 நவம்பரில் டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ் எங்கிருந்து வந்தது? 2010 ஜனவரியில் மாஸ் எஃபெக்ட் 2? பயோவேரின் ஆகச் சிறந்த கேம் எது என்று ரசிகர்களிடம் கேட்டால் பாதிப் பேர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் சொல்வார்கள். இரண்டும் இ.ஏ.வின் முத்திரையோடு வெளிவந்தவை.

1 அக்டோபர்

இன்னொரு விவரத்தையும் சேர்க்க வேண்டும். பயோவேர் சுதந்திரமாக இருந்தது, இ.ஏ. வந்து விழுங்கியது என்று எல்லோரும் சொல்கிறோம். நடந்தது அப்படியல்ல.

1995-இல் கனடாவின் எட்மன்டன் நகரில் ரே முசைகா, கிரெக் ஸெஷுக், அகஸ்டின் யிப் என்ற மூன்று மருத்துவர்கள் தொடங்கிய நிறுவனம் அது. 2005-இல் எலிவேஷன் பார்ட்னர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் பயோவேரையும் பண்டெமிக் ஸ்டூடியோவையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. அந்த முதலீட்டு நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவர் ஜான் ரிச்சிட்டெல்லோ. அவர் 2007-இல் இ.ஏ.வின் தலைமைப் பொறுப்புக்குத் திரும்பினார். அதே ஆண்டு அக்டோபரில் இ.ஏ. அந்த இரண்டு ஸ்டூடியோக்களையும் வாங்குவதாக அறிவித்தது. 2008 ஜனவரியில் விற்பனை முடிந்தது.

ஆகவே பண முதலைகளின் கைக்குப் போவது பயோவேருக்குப் புதிதல்ல. இந்தத் தடவை என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. வாங்குகிற பணத்தில் 2,000 கோடி டாலர் கடன். அந்தக் கடனுக்கு இ.ஏ. வட்டி கட்ட வேண்டும். கால்பந்து கேம் ஆண்டுதோறும் கட்டும். ஐந்தாறு வருடத்துக்கு ஒரு கேம் தருகிற எட்மன்டன் எதைக் கட்டும்?

3 அக்டோபர்

யாரை நம்புவது என்று பேசிக்கொண்டே போகிறோம். எதை நம்பினோம் என்பதை ஒருவரும் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

நல்ல கேம் தருகிற ஸ்டூடியோக்கள் ஏராளம். பயோவேர் கொடுத்த வாக்கு வேறு எவரும் பெரிதாகக் கொடுக்கத் துணியாதது: நீ இந்தக் கேமில் எடுத்த முடிவு அடுத்த கேமிலும், அதற்கடுத்த கேமிலும் உன்னோடு வரும். மாஸ் எஃபெக்ட் ஒன்றில் ஆடியதைச் சேமித்த சேவ் ஃபைல் இரண்டாம் பாகத்துக்குள் போகும். இரண்டாம் பாகத்தினுடையது மூன்றுக்குள் போகும். 2007-இல் ஒருவரிடம் காட்டிய இரக்கத்துக்கு 2012-இல் பதில் கிடைக்கும்.

மாஸ் எஃபெக்ட் முதல் பாகத்தில் வெர்மயர் என்ற கிரகத்தின் கடற்கரை நினைவிருக்கிறதா? நம் கூட்டாளியான குரோகன் இனத்து வீரன் ரெக்ஸ் தண்ணீர் ஓரமாக நின்று சுட்டுக்கொண்டிருப்பான். தன் இனத்தின் மலட்டு நோய்க்கு மருந்து அங்கே இருப்பது தெரிந்ததும் அவனுடைய துப்பாக்கி நம் பக்கம் திரும்பும். ஜெனோஃபேஜ் என்ற அந்த நோயை வேறு இனத்தார் திட்டமிட்டு அவன் இனத்தின் மேல் ஏவியிருப்பார்கள். அதனால் அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நான் பேசிச் சமாதானம் செய்தேன். என் தங்கை பேச்சுத் திறனில் புள்ளிகளே சேர்க்கவில்லை. அவளுடைய ரெக்ஸ் அந்த மணலிலேயே விழுந்தான்.

இரண்டாம் பாகத்தில் மோர்டின் என்ற விஞ்ஞானியோடு போய் மேலன் என்பவனின் ஆய்வுத் தரவைக் கண்டுபிடிப்போம். நான் வைத்துக்கொண்டேன். தங்கை அழித்துவிட்டாள். அந்தப் பரிசோதனைகள் நடந்த விதத்தைப் பார்த்தபின் அவளுக்கு அதைத் தொடவே பிடிக்கவில்லை. அப்போது அது எங்களுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

மூன்றாம் பாகம் வந்தது. என் கேமில் அந்தத் தரவு இருந்ததால் ஈவ் என்ற குரோகன் பெண் பிழைத்தாள். ரெக்ஸ் தன் மக்களுக்குத் தலைவனாக இருந்தான். மோர்டின் மருந்தைப் பரப்புவதற்காக எரிகிற கோபுரத்தின் மேலே பாட்டு முணுமுணுத்தபடி ஏறிப்போய் இறந்தார். நான் அழுதுகொண்டு தங்கையைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, “உன் கேமில் மோர்டின் செத்துவிட்டாரா? என்னுடையதில் உயிரோடு இருக்கிறாரே” என்றாள். ரெக்ஸ் இல்லை, ஈவும் இல்லை. ரெக்ஸின் இடத்தில் இருந்தவன் பழிவாங்கத் துடிக்கிறவன். அந்தக் கையில் மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று அவள் மோர்டினிடம் சொல்ல, அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அவள் செய்தது சரியா, நான் செய்தது சரியா என்று இன்றுவரை எங்களுக்குள் தீரவில்லை. பென் டிரைவில் பத்திரப்படுத்திய ஒரு சிறிய கோப்பு ஐந்து வருடம் கழித்து இப்படி ஒரு சண்டையைக் கொடுத்தது. நான் நம்பியது அதைத்தான். இ.ஏ.வையும் அல்ல, முசைகாவையும் அல்ல.

4 அக்டோபர்

“அப்படியானால் மூன்றாம் பாகத்தின் முடிவை இ.ஏ. அவசரப்படுத்திக் கெடுத்ததே, அதை என்ன சொல்வீர்கள்” என்று கேட்டிருக்கிறீர்கள்.

2011 ஆண்டிறுதியில் வர வேண்டிய கேம் அது. 2012 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. தள்ளிவைக்க இ.ஏ. சம்மதித்ததால்தான் தள்ளிப்போனது. முடிவை எழுதியது எட்மன்டன்.

6 அக்டோபர்

மேலே எழுதியது போதவில்லை. அந்த முடிவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நம்பிக்கை உடைந்த இடம் அது. எப்படி உடைந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கேம் வெளிவருவதற்குச் சில வாரங்கள் முன்பு இயக்குநர் கேசி ஹட்சன் ஒரு நேர்காணலில், மற்றக் கேம்களைப் போல ஏ, பி, சி என்று எண்ணிச் சொல்லக்கூடிய முடிவுகள் இதில் இருக்காது என்ற பொருளில் பேசியிருந்தார். கேம் வந்தது. கடைசிப் பத்து நிமிடத்தில் சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று வழிகள். எதில் போனாலும் கிட்டத்தட்ட ஒரே காட்சி, நிறம் மட்டும் வேறு. ரெக்ஸ் இருந்தானா, ஈவ் பிழைத்தாளா, போரிட்டுக்கொண்டிருந்த குவாரியன்களும் கெத்து என்ற இயந்திர இனமும் சமாதானம் ஆனார்களா என்பதற்கெல்லாம் அங்கே பதில் இல்லை.

இதைச் சோகமான முடிவு பிடிக்காதவர்களின் கூச்சல் என்று அப்போது பல விமர்சகர்கள் எழுதினார்கள். எனக்கு அதைப் படிக்கையில் வயிறு எரிந்தது. மோர்டின் செத்ததை யாராவது குறை சொன்னார்களா? கெத்துக் கூட்டாளி லீஜியன் போனதைச் சொன்னார்களா? சாவு எங்களுக்குப் பிரச்சினையே அல்ல. மூன்று கேம்களாகச் சேர்த்துவைத்த கணக்கைக் கடைசியில் பார்க்கவே இல்லை என்பதுதான் குறை.

ரசிகர்கள் நடந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். ஒரு கூட்டம் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கான அறக்கட்டளைக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டியது. இன்னொரு கூட்டம் ஸ்டூடியோவுக்கு 400 கப்கேக் அனுப்பியது: சிவப்பு, நீலம், பச்சை என்று மேலே மூன்று நிறக் கிரீம், உள்ளே எல்லாம் ஒரே சுவை. இதைவிடக் கண்ணியமாகவும் கூர்மையாகவும் யாரால் குறை சொல்ல முடியும்? அதே நாட்களில் வேறு சிலர் ஸ்டூடியோவின் எழுத்தாளர்களைத் தனிப்பட்ட முறையில் துரத்தித் துரத்தி ஏசினார்கள். அவர்களை நான் ரசிகர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எழுதியவரின் வீட்டுத் தொலைபேசி வரை போகிறவன் கேமை நேசிப்பவன் அல்ல.

2012 ஜூன் 26-இல் விரிவாக்கிய முடிவை இலவசமாகத் தந்தார்கள். நல்ல வேலைதான், மனிதர்கள் என்னவானார்கள் என்று கொஞ்சமாவது தெரிந்தது. வேண்டாம் என்று மறுக்கிற நான்காவது வழியும் வந்தது. மறுத்தால் எல்லோரும் அழிவார்கள். அதில் ஸ்டூடியோவின் கோபம் தெரிந்தது என்று என் தங்கை சொல்வாள். எனக்கு அந்த வழி பிடித்திருந்தது. நான் ஆடிய நாயகி ஷெப்பர்ட் அப்படித்தான் பேசியிருப்பாள்.

6 அக்டோபர், பிற்பகல்

விட்டுப்போன ஒன்று. முடிவுக்கான படைபலக் கணக்கு. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் மல்டிபிளேயர் பகுதியை ஆடாதவர்களுக்கு ஆயத்த நிலை 50 சதவீதத்திலேயே நின்றது. திரட்டிய படையில் பாதிதான் கணக்கில் ஏறியது. அந்த மல்டிபிளேயரில் காசு கொடுத்து வாங்குகிற அதிர்ஷ்டப் பெட்டிகள் இருந்தன. தனியாக ஆடுகிற கதையின் முடிவுக்கு அதைக் கொண்டுவந்து கட்டியது வெளியீட்டாளரின் வியாபார மூளை என்று நீங்கள் சொன்னால் நான் வாதாட மாட்டேன். விரிவாக்கத்தோடு அந்த அளவுகோலைக் குறைத்தார்கள்.

9 அக்டோபர்

ஃப்ராஸ்ட்பைட் என்ற எஞ்சின், அதாவது கேம் கட்டுவதற்கான அடிப்படை மென்பொருள், பற்றி இரண்டு பேர் எழுதியிருக்கிறீர்கள். இ.ஏ. அந்த எஞ்சினைத் திணித்தது, அதனால் மாஸ் எஃபெக்ட் ஆண்ட்ரோமெடாவும் ஆன்தம் என்ற இணையக் கேமும் பாழாயின என்கிறீர்கள்.

எஞ்சின் பாடாய்ப் படுத்தியது உண்மை. ஸ்டாக்ஹோமின் டைஸ் ஸ்டூடியோ பேட்டில்ஃபீல்டு என்ற போர்க் கேமுக்காகக் கட்டியது அது. ஓடிச் சுடுவதற்கு எல்லாம் இருந்தது. நான்கு பேர் கூட்டாளிகளாக வருவது, பையில் பொருள் சேர்ப்பது, நினைத்த இடத்தில் சேவ் செய்வது போன்ற ஒரு பாத்திரக் கேமுக்கு வேண்டிய அடிப்படைகள் அதில் இல்லை. டிராகன் ஏஜ் இன்க்விசிஷன் குழு அவற்றை ஒவ்வொன்றாகக் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் அதற்கு மாறியது தங்கள் முடிவு என்று அப்போதைய பயோவேர் தலைவர் ஆரின் ஃப்ளின் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

ஆன்தம் கதை இதைவிட மோசம். 2019 ஏப்ரலில் பத்திரிகையாளர் ஜேசன் ஷ்ரையர் எழுதிய விரிவான கட்டுரையைப் படித்திருப்பீர்கள். பல ஆண்டு வேலை நடந்தும், என்ன கேம் செய்கிறோம் என்பதே குழுவுக்குத் தெளிவாகவில்லை. பறக்கிற வசதியைச் சேர்ப்பதும் எடுப்பதுமாக இருந்தார்கள். இ.ஏ. உயரதிகாரி பாட்ரிக் சோடர்லுண்டுக்குக் காட்ட வேண்டிய மாதிரிக்காகப் பறப்பதைத் திரும்பச் சேர்த்தார்கள். அவர் பார்த்து அசந்துபோனார். அதன்பின்தான் அது கேமில் நிலைத்தது. ஆன்தமில் எல்லோரும் பாராட்டிய ஒரே அம்சம் அந்தப் பறத்தல். அது நிலைத்ததற்கு வெளியீட்டாளரின் ஆள் ஒரு காரணம்.

ஸ்டூடியோவுக்குள் ஒரு நம்பிக்கை இருந்ததாம். கடைசி நேரத்தில் எல்லாம் தானாகக் கூடிவந்துவிடும் என்று. அதற்குப் ‘பயோவேர் மாயம்’ என்று பெயர் வேறு. மாயம் என்று அவர்கள் சொன்னது கடைசி மாதங்களில் ஊழியர்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டு பார்த்த வேலையை. வேலை அழுத்தத்தால் மருத்துவரின் சீட்டோடு விடுப்பில் போனவர்கள் அங்கே உண்டு. இதை இ.ஏ. மேல் மட்டும் போட்டுவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை.

10 அக்டோபர்

இல்லை, இ.ஏ.வுக்கு நான் நற்சான்றிதழ் கொடுக்கவில்லை. கூடவே வாங்கிய பண்டெமிக்கை இரண்டு வருடம்கூட வைத்திருக்காமல் 2009 நவம்பரில் மூடினார்கள். டிராகன் ஏஜ் 2, ஆரிஜின்ஸ் வந்து பதினாறே மாதத்தில் வந்தது. ஒரே குகையைக் கதவை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். அதைப் பார்த்த எவருக்கும் நேரம் போதவில்லை என்பது புரியும். மாஸ் எஃபெக்ட் மூன்றாம் பாகத்தில் ஜாவிக் என்ற, கதைக்கே ஆணிவேரான பாத்திரத்தை முதல் நாளிலேயே தனி விலைக்கு விற்றார்கள்.

இரண்டு தவறுகளையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன், அவ்வளவே. நேரத்தைப் பறித்தது வெளியீட்டாளர். வாக்கை மறந்தது ஸ்டூடியோ. முதலாவதை ரசிகர்கள் மன்னித்திருக்கிறார்கள். டிராகன் ஏஜ் 2-இன் பாத்திரங்களை இன்றும் கொண்டாடுகிறோம், குகையோடு சேர்த்து.

15 அக்டோபர்

இப்போது டிராகன் ஏஜ் தொடரின் நான்காம் கேமான வேல்கார்டுக்கு வருகிறேன்.

2014-இல் டிராகன் ஏஜ் கீப் என்று ஒரு இணையதளம் வைத்தார்கள். முதல் இரண்டு கேம்களில் எடுத்த நூற்றுக்கணக்கான முடிவுகளை அங்கே ஒவ்வொன்றாகக் குறித்து மூன்றாம் கேமான இன்க்விசிஷனுக்குள் கொண்டுபோகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த அரசனை அரியணையில் ஏற்றினேன், யாரை மன்னித்தேன் என்று படம் படமாக வரும். பழைய ஆல்பத்தைப் புரட்டுவது போல இருந்தது.

பத்து வருடம் கழித்து, 2024 அக்டோபர் 31-இல் வேல்கார்டு வந்தது. முந்தைய கேமிலிருந்து மூன்றே முடிவுகளைக் கேட்டது: யாரைக் காதலித்தாய், இன்க்விசிஷன் அமைப்பைக் கலைத்தாயா, பிரிந்துபோன கூட்டாளி சோலாஸை என்ன செய்யப் போவதாகச் சபதம் எடுத்தாய். திருச்சபைக்கு யார் தலைவி ஆனார்? கேட்கவில்லை. ஃபேடு என்ற ஆவி உலகில் யாரை விட்டுவிட்டு வந்தோம்? கேட்கவில்லை. முதல் இரண்டு கேம்களிலிருந்து ஒன்றுகூட இல்லை.

இதற்கு வெளியீட்டாளர் காரணமா? ஓரளவு ஆம், ஒப்புக்கொள்கிறேன். 2017-இல் முதல் திட்டத்தை நிறுத்திவிட்டு, பலர் சேர்ந்து ஆடும் கேமாக அதை மாற்றினார்கள். ஆன்தம் தோற்றபின் மறுபடி தனியாக ஆடும் கேமாகத் திருப்பினார்கள். அந்த அலைக்கழிப்பில் பழைய முடிவுகளைச் சுமப்பது கடினம். ஆனால் சண்டைக்கும் முடி அலங்காரத்துக்கும் அவ்வளவு மெனக்கெட்டவர்கள், திருச்சபைத் தலைவியின் பெயர் வருகிற ஒரு கடிதத்தையாவது மேசை மேல் வைத்திருக்கலாம். பணம் இல்லாததால் விட்டதாக எனக்குத் தோன்றவில்லை. முன்னே ஆடியவர்களைவிடப் புதிதாக வருகிறவர்கள் முக்கியம் என்று முடிவெடுத்திருக்கிறார்கள்.

புதியவர்களும் வரவில்லை. முதல் காலாண்டில் 15 லட்சம் பேர் ஆடியதாகவும், அது எதிர்பார்த்ததைவிடக் கிட்டத்தட்டப் பாதி குறைவு என்றும் இ.ஏ. சொன்னது. அடுத்து இ.ஏ. தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ வில்சன் சொன்னதுதான் எனக்கு ஆறவே இல்லை: ஆட்டக்காரர்கள் பகிர்ந்து ஆடும் உலகங்களைத் தேடுகிறார்களாம். ஆன்தமில் பகிர்ந்து ஆடத்தானே உலகம் இருந்தது?

16 அக்டோபர்

“பழைய ஆட்கள் யாருமே இல்லையே, பெயர்ப்பலகையை நம்புவதா?” என்ற கேள்விக்கு.

முசைகாவும் ஸெஷுக்கும் 2012 செப்டம்பரிலேயே விலகிவிட்டார்கள். ஹட்சனும் டிராகன் ஏஜ் தயாரிப்பாளர் மார்க் டாராவும் 2020 டிசம்பரில் போனார்கள். 2023 ஆகஸ்டில் சுமார் 50 பேரை அனுப்பினார்கள். டிராகன் ஏஜின் வாரிக் என்ற பாத்திரத்தை எழுதிய மேரி கிர்பி அதில் ஒருவர். அனுப்பப்பட்டவர்களில் ஏழு பேர் தங்களுக்குச் சேர வேண்டிய தொகைக்காக வழக்குத் தொடர வேண்டியிருந்தது. அதே மாதம்தான் பெல்ஜியத்தின் லாரியன் ஸ்டூடியோ பால்டர்ஸ் கேட் 3-ஐ வெளியிட்டது. பயோவேரைத் தூக்கி நிறுத்திய தொடரின் மூன்றாம் பாகம், வேறொரு வீட்டில் பிறந்து உலகை வென்றது. அந்த ஆகஸ்டு எனக்கு மறக்காது.

2025 ஜனவரியில், வேல்கார்டுக்குப் பிறகு, ஸ்டூடியோ நூறு பேருக்கும் கீழே சுருங்கிவிட்டது. ஆனால் யாருமே இல்லை என்பது சரியல்ல. புதிய மாஸ் எஃபெக்டை நடத்துகிற மைக் கேம்பிள், பிரஸ்டன் வாடமானியுக், டெரிக் வாட்ஸ், பாரிஷ் லே ஆகியோர் முதல் மூன்று கேம்களின் காலத்திலிருந்தே அனுபவமுள்ளவர்கள் என்று ஸ்டூடியோவே அறிவித்திருக்கிறது. நூறு பேருக்குள் ஒரு ஸ்டூடியோ சுருங்குவது அவமானம் அல்ல. ஆன்தமுக்கு வேண்டிய கூட்டத்தைக் கட்டி மேய்ப்பதைவிட, எதை ஏன் செய்கிறோம் என்று எல்லோரும் ஒரே அறையில் பேசிக்கொள்ள முடிகிற குழு மேல்.

8 நவம்பர்

நேற்று என்7 நாள், மாஸ் எஃபெக்ட் ரசிகர்கள் ஆண்டுதோறும் கொண்டாடுவது. இ.ஏ. விற்பனைக்குப் பின்னும் ஸ்டூடியோவின் முழுக் கவனமும் மாஸ் எஃபெக்ட் மேல்தான் என்று கேம்பிள் எழுதியிருக்கிறார். சந்தோஷம். ஆனால் நான் தேடிய வரி அதில் இல்லை. அந்த மூன்று நிறங்களை என்ன செய்யப் போகிறார்கள்?

ஆண்ட்ரோமெடா அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்க வேறு விண்மீன் மண்டலத்துக்கே ஓடியது. 2020 டிசம்பர் முன்னோட்டத்தில் ஷெப்பர்டின் பழைய கூட்டாளி லியாரா பனியில் நடந்துபோய் என்7 என்று பொறித்த உடைந்த கவசத் துண்டை எடுத்தாள். ஆக இம்முறை வீடு திரும்புகிறார்கள். சிவப்பைத் தேர்ந்தவர் ஒருவர், பச்சையைத் தேர்ந்தவர் ஒருவர். இருவருக்கும் ஒரே தொடர்ச்சி எப்படி? கெத்துகளைக் காப்பாற்றி, பிறகு சிவப்பைத் தேர்ந்து அவர்களையே அழித்தவள் நான். அந்தக் குற்ற உணர்வுக்குக் கதையில் இடம் வேண்டும். ஒரே முடிவை அதிகாரப்பூர்வமாக்கிவிட்டுப் போனால்கூட ஏற்பேன். முன்கூட்டியே நேராகச் சொல்லிவிட்டால் போதும்.

13 ஜனவரி 2026

நேற்று ஆன்தமின் சர்வர்களை அணைத்துவிட்டார்கள். எப்போதும் இணையத்தோடு ஆடும் கேம் என்பதால் இனி யாரும் அதற்குள் போக முடியாது. வட்டு வைத்திருப்பவர்களுக்கும் பயன் இல்லை. கடைசி வாரத்தில் நானும் ஒருமுறை போய் அருவியின் ஊடாகப் பறந்தேன். பறக்கையில் கவசம் சூடேறும். தண்ணீரை உரசிக்கொண்டு போனால் குளிர்ந்து இன்னும் கொஞ்ச தூரம் போகலாம். அவ்வளவு அழகாக அதைச் செய்த கைகளுக்காக மனம் கனத்தது. சீரமைப்புத் திட்டம் ஒன்று நடந்தது. அதையும் 2021 பிப்ரவரியில் கைவிட்டார்கள்.

என் தங்கையின் 2007 சேவ் ஃபைல் இப்போதும் திறக்கிறது. புதிய கேமில் இணையம் இல்லாமல் ஆட முடியுமா என்பதையும் இனி முதல் கேள்வியாகக் கேட்பேன்.

14 ஜனவரி

முன்பதிவு செய்வீர்களா என்று கேட்டவருக்கு: மாட்டேன். வெளிவந்து, பழைய முடிவுகள் எத்தனை உள்ளே வருகின்றன என்று ஆடியவர்கள் சொன்னபின் வாங்குவேன். இந்த நிபந்தனை இ.ஏ.வுக்காக அல்ல. நாளைக்கே யாரும் வாங்காத சுதந்திர ஸ்டூடியோவாகப் பயோவேர் ஆனாலும் இதையேதான் கேட்பேன்.

இதுவரை ஆடியதே இல்லை, எங்கே தொடங்குவது என்று கேட்டவருக்கு: 2021-இல் வந்த மாஸ் எஃபெக்ட் லெஜண்டரி எடிஷனில் மூன்று கேம்களும் ஒன்றாகக் கிடைக்கும், மல்டிபிளேயர் தொல்லை இல்லை, ஜாவிக்கும் உள்ளேயே இருக்கிறான். வெர்மயருக்குப் போகும் முன் பேச்சுத் திறனில் புள்ளி சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது ரெக்ஸின் குடும்பக் கவசத்தைத் தேடிக் கொடுத்துவிடுங்கள். மேலனின் தரவை என்ன செய்வது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சி.